பிரசவ வார்டிலேயே சொல்லித்தரலாமே!

ஆசிரியருக்கு,

பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிவது பல பெண்களுக்கு உண்டு. ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்’ என்று வாயை அடைத்துவிடுகிறோம். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்வதே பெரும்பாலும் காரணம். 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் வெளியிட்ட பயிற்சிதான் இன்றும் முதல் சிகிச்சை: சிறுநீரை அடக்குவதுபோல் தசையை மேலே இழுத்து, சில விநாடி பிடித்து, முழுசாக விட வேண்டும். ஒரு தடவைக்கு 8, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். பலர் மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கிவிடுகிறார்கள். பிசியோதெரபிஸ்ட் பார்த்துத் திருத்தினால் சரியாக வரும். சிலருக்குத் தசை இறுகி வலிக்கும். அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சியே தேவை. தாய்மாரை வீட்டுக்கு அனுப்பும் முன்பே அரசு மருத்துவமனைகள் இதைச் சொல்லித்தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை