ஆயிலில் வந்த தூள்

அன்புள்ள வசந்தி,

ஆறு மாதம் பதில் போடவில்லை. திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நாகராஜ் இன்னும் அதே ஸ்கூட்டரைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

உன் பையன் அமெரிக்கப் படையின் ஆஸ்ப்ரே விமானத்தைப் பற்றிக் கேட்டிருந்தானே. இறக்கை நுனியில் இருக்கும் ரோட்டரை, அதாவது சுழலும் பெரிய விசிறியை, நிமிர்த்தினால் ஹெலிகாப்டர், முன்னால் சாய்த்தால் விமானம். சாய்ப்பதுதான் கஷ்டம் என்று நானும் நினைத்திருந்தேன். அதுவும் லேசில்லை: 1989-ல் முதலில் பறந்தது, படையில் சேர 2007 ஆயிற்று. நடுவில், 2000-ல் அரிசோனாவில் ஒன்று வேகமாக இறங்கியபோது ஒரு ரோட்டர் தான் கீழே தள்ளிய காற்றிலேயே சிக்கிவிட்டது. சாதா ஹெலிகாப்டர் என்றால் தொப்பென்று இறங்கும். இதில் ஒரு பக்கம் மட்டும் தூக்கும் பலம் போனதால் குப்புறக் கவிழ்ந்தது. 19 பேர் போனார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு. ஒரு எஞ்சின் நின்றால் மற்றது இரண்டு ரோட்டரையும் சுற்றட்டும் என்று இறக்கைக்குள் ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது. சரி, கியர்பாக்ஸே உடைந்தால்? ஷாஃப்ட் இருந்து என்ன பிரயோஜனம்? 2023 நவம்பரில் ஜப்பானில் யாகுஷிமா தீவருகே அதுதான் நடந்தது. இடது கியர்பாக்ஸில் ஒரு பினியன், சின்னப் பல்சக்கரம், விரிசல் விட்டு உடைந்தது. எட்டுப் பேர்.

அந்தக் கியர்பாக்ஸுக்குள்ளே ஒரு காந்தம் இருக்கும், வசந்தி. ஆயிலில் வரும் இரும்புத் துகளைப் பிடிக்கும். மெல்லிய தூளென்றால் மின்சாரம் விட்டு எரித்துவிட்டு விமானிக்குச் சொல்லும். அன்று ஐந்து முறை எரித்தது. அவர்கள் பறந்துகொண்டே இருந்தார்கள். அதற்கடுத்து வந்தது எரியவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் எங்கள் பட்டறையில் ஒரு பினியனைச் சோதித்தேன். லாரிக்குப் போவதுதான். புற ஊதா விளக்கின் கீழே பல்லடியில் பச்சையாக, முடி கனத்துக்கு ஒரு கோடு: விரிசல். "லேசாகத் தேய்த்து அனுப்பிடலாம் மேடம்" என்றார்கள். அந்த லாட் முழுவதையும் நிறுத்திவைத்தேன். மேனேஜர் இரண்டு நாளாக முகம் பார்த்துப் பேசவில்லை. நேற்று மீதியைச் சோதித்ததில் இன்னும் மூன்று.

நம் லேப் மாஸ்டர் இருந்திருந்தால், "கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாரும்மா" என்றிருப்பார். துடைத்துவிட்டும் பார்த்தேன்டி. கோடு அங்கேயேதான் இருக்கிறது.

தீபாவளிக்கு வருகிறாயா? பையனையும் கூட்டி வா, அந்தப் பினியனைக் காட்டுகிறேன்.

உன்,
மீனா