எந்த நிறுவனத்தின் ரைபிள் நல்லது? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடைக்கு வருகிறவர்கள் எங்களிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி, எந்த நிறுவனத்தின் ரைபிளை நம்பி வாங்கலாம் என்பதுதான். சில நாள்களுக்கு முன்பு ஒருவர் இதே கேள்வியை எங்களில் இருவரிடம் தனித்தனியே கேட்டு, இரண்டு வேறு பெயர்களைப் பதிலாகப் பெற்று, எதையும் வாங்காமல் திரும்பிப் போனார். அவர்மேல் தவறில்லை. அவரவர் விருப்பத்தையே பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறோம். வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கும் பயன்படும் போல்ட் வகை (போல்ட் என்னும் உருளையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும்) ரைபிள்களைப் பற்றி மட்டுமே இதில் பேசுகிறோம்.

குழலின்மேல் பொறித்திருக்கும் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் தொழிற்சாலையும் செய்முறையும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன என்பதற்கு வின்செஸ்டர் 70 நல்ல சான்று. 1936இல் வெளிவந்த அந்த ரைபிளில், 1898ஆம் ஆண்டு ஜெர்மானிய மவுசர் ரைபிளில் இருந்ததைப் போன்ற நீண்ட நகம் ஒன்று போல்ட்டின் பக்கவாட்டில் இருந்தது. தோட்டா பெட்டியிலிருந்து மேலேறும்போதே அந்த நகம் அதன் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். போல்ட்டைப் பாதி தள்ளிவிட்டுத் திரும்ப இழுத்தாலும் தோட்டா கூடவே வெளியே வந்துவிடும். செலவைக் குறைப்பதற்காக 1964இல் இந்த அமைப்பைக் கைவிட்டார்கள். புதிய அமைப்பில் போல்ட் தோட்டாவை வெறுமனே முன்னே தள்ளுமே தவிர, முழுவதும் மூடிய பிறகுதான் பற்றும். அவசரத்தில் பாதியில் இழுத்து மறுபடி தள்ளினால், குழலின் பின்முனை அறைக்குள் கிடக்கும் முதல் தோட்டாவின் முதுகில் இரண்டாவது போய் முட்டும். ரைபிளின் மரக்கட்டையில் கையால் செதுக்கிய பிடிக்கோடுகளுக்குப் பதிலாக அச்சு வைத்து அழுத்திய கோடுகள் வந்ததும் அதே ஆண்டில்தான். 1990களின் தொடக்கத்தில் பழைய நகம் திரும்பி வந்தது. வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்பட்டது, பின்னர் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் தென் கரோலினாவில் தயாரிப்பைத் தொடர்ந்தது. ஆகவே, வின்செஸ்டர் 70 நல்லதா என்று கேட்பவரிடம், எந்த ஆண்டில் செய்தது என்று நாங்கள் திருப்பிக் கேட்பது தட்டிக்கழிப்பதற்காக அல்ல. 1964க்குப் பிந்தைய ரைபிள்கள் சுடாமல் போய்விட்டன என்றும் சொல்லவில்லை. அவற்றில் பல மிகத் துல்லியமானவை.

இதற்கு நேர்மாறாக, ஒரே ஆலையிலிருந்து இரண்டு பெயர்கள் வருவதும் உண்டு. வெதர்பி வேன்கார்டின் குழலும் ரிசீவரும் (குழலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பகுதி) போல்ட்டும் ஜப்பானின் ஹோவா ஆலையில் செய்யப்பட்டவை. அந்த நிறுவனம் ஹோவா 1500 என்று தன் பெயரில் விற்பதும் அடிப்படையில் அதே ரைபிள்தான். டிக்காவும் சாக்கோவும் பின்லாந்தின் ரீஹிமாக்கியில் ஒரே கூரையின்கீழ் பிறக்கின்றன. சாக்கோ 85இல் போல்ட்டைப் பூட்டும் காதுகள் மூன்று, தோட்டாப்பெட்டி உலோகம். 2003இல் வந்த டிக்கா டி3இல் காதுகள் இரண்டு, தோட்டாப்பெட்டி பிளாஸ்டிக், குட்டைத் தோட்டாவுக்கும் நெட்டைத் தோட்டாவுக்கும் ஒரே நீள ரிசீவர். எங்கே சிக்கனம் செய்தார்கள் என்று பார்ப்பதே ஒரு தயாரிப்பாளரை எடைபோடச் சிறந்த வழி என்பது எங்கள் கருத்து. டிக்காவில் குழலிலும் விசையிலும் (சுட விரலால் இழுக்கும் ட்ரிக்கர்) கைவைக்காமல், உடைந்தால் எளிதில் மாற்றக்கூடிய பாகங்களில் கைவைத்திருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிக்கனமோ கவனக்குறைவோ நேர்ந்தால்தான் ஆபத்து. அமெரிக்கப் படைக்காகச் செய்யப்பட்ட 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்கள் சிலவற்றின் ரிசீவர்கள் 1917இல் சுடும்போதே வெடித்துச் சிதறின. வடிவமைப்பில் குற்றமில்லை. பட்டறையில் அனுபவசாலிகள், காய்ச்சிய எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டை மதிப்பிட்டு வந்தார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் அதே செம்மை மங்கலாகத் தெரிய, இன்னும் சூடேறவில்லை என்று எண்ணி அளவுக்கு மீறிக் காய்ச்சியதில் எஃகு நொறுங்கும் தன்மை அடைந்தது. அதன்பிறகே வெப்பமானி வைத்து அளந்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 8,00,000க்குக் குறைந்த வரிசை எண் கொண்டவற்றைச் சுடக்கூடாது என்று இன்றும் எச்சரிக்கிறார்கள். அப்படிப்பட்ட ரிசீவரையும் நல்ல ரிசீவரையும் மேசைமேல் அடுத்தடுத்து வைத்தால் எங்களாலும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்காகத்தான் சோதனை முத்திரை. 1914இல் தொடங்கிய சி.ஐ.பி. என்னும் பன்னாட்டுத் துப்பாக்கிச் சோதனை ஏற்பாட்டில் சேர்ந்த நாடுகளில் ஒவ்வொரு ரைபிளையும், அந்தத் தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலான அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துகிறார்கள். அமெரிக்காவில் அப்படிச் சட்டக் கட்டாயம் கிடையாது. 1926இல் அமைந்த சாமி (SAAMI) என்னும் தொழில்துறைச் சங்கத்தின் தரங்களைத் தயாரிப்பாளர்கள் தாங்களாகவே பின்பற்றுகிறார்கள். முத்திரை வலிமைக்குச் சான்று. குண்டு எங்கே போய் விழும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

குண்டு எங்கே விழும் என்பதற்கு நிறுவனங்கள் தரும் உறுதிமொழிகளைப் படிக்கும்போது, எத்தனை குண்டு என்பதை முதலில் பாருங்கள். 100 மீட்டரில் ஒரு கலைநிமிடம் (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணம்) என்பது ஏறக்குறைய 29 மி.மீ. குண்டுகள் ஒரு கலைநிமிடத்துக்குள் விழும் என்ற உறுதியை வெதர்பி மூன்று குண்டுகளை வைத்துத் தருகிறது. சாக்கோ 85க்கு அது ஐந்து குண்டுகளை வைத்துத் தரப்பட்டது. கேட்க இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒரே ரைபிளை, ஒரே தோட்டாவை வைத்துப் பலமுறை சுட்டால், பத்துக் குண்டுக் குரூப்பின் (தாளில் விழுந்த ஓட்டைக் கூட்டத்தின்) சராசரி அகலம் மூன்று குண்டுக் குரூப்பைப் போல் சுமார் 1.6 மடங்கு இருக்கும். ஐந்து குண்டுக்கு ஏறத்தாழ 1.3 மடங்கு. இது ரைபிளின் குறையன்று, வெறும் கணக்கு. மூன்று ஓட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களின் மனத்தைப் புண்படுத்த விரும்பவில்லை. எங்களிடமும் அப்படிப்பட்ட தாள்கள் உண்டு.

விசையைப் பொறுத்தவரை, பழைய ரைபிள் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1962இல் வந்த ரெமிங்டன் 700 உலகில் மிகுதியாக விற்ற ரைபிள்களில் ஒன்று. அதில் 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை பொருத்தப்பட்ட எக்ஸ்-மார்க் ப்ரோ விசைகளை, ஒட்டுப்பசை சில விசைகளில் அதிகமாகிவிட்டதால் தானாகச் சுடும் வாய்ப்பு உண்டு என்று நிறுவனமே 2014இல் திரும்ப அழைத்தது. திரும்ப அழைத்ததனாலேயே ஒரு ரைபிளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அந்த ரைபிளில் திருத்தம் செய்யப்பட்டதா என்று பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. அதே நிறுவனம் 2018இலும் 2020இலும் திவால் நடவடிக்கைக்குப் போய், அதன் சொத்துகள் பல கைகளுக்குப் பிரிந்தன. பாகமும் பழுதுபார்ப்பும் பத்தாண்டு கழித்து யாரிடம் கிடைக்கும் என்ற கேள்வி, குழலின் தரத்தைப் போலவே எங்களுக்கு முக்கியமானது.

போட்டி ரைபிள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அன்ஷுட்ஸ், ஃபைன்வெர்க்பாவ், வால்தர் ஆகியவற்றின் உயர்வகைகளுக்குள் துல்லியத்தில் வித்தியாசம் தேடுவதைவிட, தோள்தாங்கி உங்கள் உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது பயன்தரும். 50 மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 10.4 மி.மீ. மட்டுமே, அங்கே ரைபிளின் பெயரைவிட, அந்தக் குழலுக்கு ஒத்துவரும் தோட்டாத் தொகுப்பைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒருவர் வாங்கிய ரைபிள் குண்டுகளைச் சிதறடிக்கிறது என்று திரும்பக் கொண்டுவந்தார். நாங்கள் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) கழற்றிவிட்டு, குழல்தான் காரணம் என்று எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்பினோம். பல வாரம் கழித்து, குறையே இல்லை என்ற குறிப்போடும் நல்ல குரூப் ஒன்றோடும் அது திரும்பி வந்தது. மறுபடி ஸ்கோப்பைப் பொருத்தும்போது, அதன் அடித்தட்டுக்கும் ரிசீவருக்கும் இடையே சிகரெட் தாள் ஒன்று தடையில்லாமல் நுழைந்தது. பின்பக்கத் திருகு துளையைவிட நீளம். அது தட்டை இறுக்காமல் துளையின் அடியில் முட்டி நின்று, கைக்கு மட்டும் இறுகியதுபோல் காட்டியிருக்கிறது. அந்தத் திருகைப் போட்டது நாங்கள்தான். வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டோம். பழி சுமந்த தயாரிப்பாளருக்கும் எழுதினோம்.

எனவே, முதல் வேட்டை ரைபிள் வாங்குகிறவருக்கு எங்கள் மூவரின் ஒருமித்த பதில் இனி டிக்கா அல்லது ஹோவா. நகம் பற்றும் அமைப்பு வேண்டும் என்பவருக்கு 1964க்கு முந்தைய அல்லது அண்மைக்கால வின்செஸ்டர் 70. பழைய ரைபிள் எதை விற்றாலும், நாங்கள் சுட்ட பத்துக் குண்டுத் தாளைத் தேதியும் தோட்டா வகையும் குறித்து உடன் தருவோம். குறை சொல்லிக் கொண்டுவரும்போது, தயவுசெய்து ஸ்கோப்பைக் கழற்றாமல், அதே பெட்டியில் மீந்த தோட்டாக்களைத் தனியாக எடுத்துக்கொண்டு வாருங்கள். சிகரெட் தாள் எங்கள் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கடையின் பழுதுபார்ப்புப் பிரிவினர்