அரை பவர் சுவிட்ச் குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
பொருள்: 40 வாட் வால்வு கிட்டார் ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்), கையேட்டில் உள்ள தவறான தகவல்.

ஐயா,

போன மாதம் உங்கள் மதுரைக் கடையில் வாங்கிய ஆம்பின் பில்லை இணைத்திருக்கிறேன். அதன் பின்பக்கம், பவர் வால்வு வேலை செய்யும் முறையை மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கிறது. மேலே தள்ளினால் பென்டோடு, 40 வாட். கீழே தள்ளினால் டிரையோடு, 20 வாட். "டிரையோடில் சத்தம் பாதியாகும், டோன் மாறாது" என்கிறது கையேடு. கடைக்காரரும் அதையேதான் சொன்னார். கோயில் பாடகர் குழுவுக்கு 40, வீட்டில் ராத்திரி பழகுவதற்கு 20 என்று கணக்குப் போட்டு வாங்கினேன்.

முதல் ராத்திரியே பக்கத்து வீட்டு அண்ணன் கதவைத் தட்டிவிட்டார். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்.

"தம்பி, கொஞ்சம் குறைச்சு வாசிப்பா."

"குறைச்சுட்டேண்ணே, இது பாதிதான்."

சுவிட்சை மேலும் கீழும் தள்ளிக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணாத்தானப்பா கேக்குது" என்றார்.

அவர் காதில் பிழையில்லை. பவர் பாதியானால் 3 டெசிபல்தான் குறையும். காதுக்குப் பாதியாகத் தெரிய ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும்; அதற்கு 40 வாட் 4 வாட்டுக்கு இறங்கியாக வேண்டும்.

சரி, டோனாவது அப்படியே இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. டிரையோடில், வால்வுக்குள் இருக்கும் ஸ்கிரீன் கிரிட் என்ற கம்பிச் சுருளைப் பிளேட் என்ற தகட்டோடு சேர்த்துவிடுகிறீர்கள். வால்வு நடந்துகொள்ளும் விதமே மாறிவிடுகிறது. தடித்த ஆறாவது கம்பியைத் தட்டினால் பென்டோடில் 'டங்' என்று இறுக்கமாக நிற்கிறது. டிரையோடில் 'தொம்' என்று தளர்ந்து பரவுகிறது. மெல்லிய கம்பிகளின் கூர்மை மழுங்குகிறது. வால்யூம் 5ஐத் தொடுமுன்பே ஒலி உடையத் தொடங்குகிறது. ப்ளூஸ் வாசிப்பவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கே ஒரு மணி நேரம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் சுருதி சுத்தமாகக் கேட்க வேண்டிய கீர்த்தனைக்கு இது ஆகாது. வேறு டோனை அதே டோன் என்று விற்றிருக்கிறீர்கள்.

உங்கள் சேவை மையத்துக்குப் போன் செய்தேன். முதலில் உப்புக்காற்று என்றார்கள். அப்போது வாங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது, உப்புக்காற்று என்ன செய்யும், எத்தனை நாளில் செய்யும் என்று எங்களுக்குத் தெரியாதா? அப்புறம் வோல்டேஜ் என்றார்கள். ஸ்டெபிலைசர் மீட்டர் 230 காட்டுகிறது. கடைசியில் ஒருவர், "பவர் வால்வு ஒன்றைக் கழற்றிவிடுங்கள், சத்தம் குறையும்" என்றார். இதில் இருப்பதே இரண்டு 6எல்6 வால்வுகள். புஷ்-புல் அமைப்பு, அலையின் ஒரு பாதியை ஒன்று தள்ள, மறுபாதியை மற்றது தள்ளுகிறது. ஒன்றைக் கழற்றினால் அலை நொண்டியடிக்கும். நான்கு வால்வு ஆம்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டைக் கழற்றலாம். அதற்கும் ஸ்பீக்கர் ஓம்ஸ் செலக்டரை (ஸ்பீக்கரின் மின்தடைக்கு ஏற்ப ஆம்பில் வைக்கும் சுவிட்சை) மாற்றி வைக்க வேண்டும். இதைக்கூடச் சொல்லித்தராமலா போனில் உட்கார வைத்திருக்கிறீர்கள்?

இந்த ஆம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தாருங்கள். இல்லையென்றால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றை உங்கள் செலவில் அனுப்புங்கள். கையேட்டில் அந்த வரியையும் திருத்த வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பெட்டி 22 கிலோ. பஸ்ஸில் ஏற்றிப் பாம்பன் பாலத்தைத் தாண்டி மதுரைக்கு மறுபடி நான் தூக்கி வருவதாக இல்லை. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்