ராணிப் பட்டம் சரி, நினைவஞ்சலிக்கு இடம் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு பதிப்பில் பிலிப்பைன்ஸ் திருநங்கைகளைப் பற்றி அரைப் பக்கத்துக்குக் கலர் படத்தோடு போட்டிருந்தீர்கள். தலையில் கிரீடம், தோளில் பட்டை, பளபளவென்று கவுன். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, நாடே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது என்கிற மாதிரி முடித்திருந்தீர்கள், அதைப் படித்துவிட்டு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நான் கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் தையல் கடை வைத்திருப்பவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் புக்கிட் நானாஸ் சர்ச்சில் பூசை முடித்துக் கொத்தாராயா வணிக வளாகத்தில் கூடுகிற பிலிப்பினோ பெண்களும் திருநங்கைகளும் பல வருடமாக என்னிடம் தைக்கிறார்கள். அவர்கள் வாயால் கேட்டதையும், என் மகள் போனில் தேடிப் படித்துக் காட்டியதையும் வைத்து எழுதுகிறேன். பிடித்தால் போடுங்கள்.

பட்டம் வாங்குவது பொய்யில்லை. தாய்லாந்து பட்டாயாவில் திருநங்கைகளுக்காக நடக்கும் மிஸ் இன்டர்நேஷனல் குயின் போட்டியில் 2012இல் கெவின் பாலோட், 2015இல் டிரிக்ஸி மாரிஸ்டெலா, 2022இல் ஃபுஷியா ஆன் ராவெனா என்று பிலிப்பைன்ஸ்காரிகள் ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் பட்டாயாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை, பேச்செல்லாம் ஊர்த் திருவிழாதான். அங்கே ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு புனிதர், அவருக்கு வருடா வருடம் விழா, அந்த விழாவில் ஓர் இரவு 'மிஸ் கே' (Miss Gay) என்று இவர்களுக்கான அழகுப் போட்டி. கூரை போட்ட பாஸ்கட்பால் கோர்ட்தான் மேடை. குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து நடுராத்திரி தாண்டியும் உட்கார்ந்திருப்பார்களாம். கவுனுக்குக் கிடைக்கிற கைதட்டலைவிடக் கேள்வி பதில் சுற்றில் சுடச்சுடப் பதில் சொல்கிறவளுக்குத்தான் கூடுதல் கைதட்டல் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். மே மாதம் வந்தால் சாந்தாகுருசான் ஊர்வலம், ஹெலனா ராணி சிலுவையைக் கண்டெடுத்த கதைக்காக எடுப்பது. பல ஊர்களில் அந்த ராணிகளுக்கு ஜோடிப்பது, முடி கட்டுவது, பூ வளைவு செய்வது எல்லாம் இவர்கள் கைதான். சில இடங்களில் ராணியாக நடப்பதும் இவர்களே.

ஒருமுறை ஹோட்டலில் பாடுகிற ஒருவர் கவுன் தைக்க வந்தார். ஒருவர் கவுன், கூட வந்தது ஐந்தாறு பேர். பட்டப்பகல், கடை நிறைய ஆள், தீபாவளி நெருக்கம் வேறு. வந்தவர் என் வெட்டு மேசையில் சாக்பீஸை எடுத்து அவரே கோடு போட ஆரம்பித்துவிட்டார். தோள் அகலம் எடுப்பாகத் தெரியக்கூடாது என்றால் படகுக் கழுத்து வைக்கவே கூடாதாம், கழுத்தை 'வி' மாதிரி இறக்க வேண்டுமாம், கைக்குழியை ஒரு விரல் உள்ளே தள்ளி வெட்ட வேண்டுமாம், அப்புறம் இடுப்புக்குக் கீழே நெட் துணியை அடுக்காக வைத்துவிட்டால் பார்க்கிறவன் கண் தானாகக் கீழே இறங்கிவிடுமாம். தையல் கற்றுக் கொடுத்த என் மாமியார்கூட இதைச் சொன்னதில்லை. கூட வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை, ஒரே சத்தம், ப்ளவுஸ் வாங்க வந்த நம் பெண்கள் முதலில் முறைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவர்களும் சேர்ந்து எந்தக் கலர் பாசி வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நம் திருநங்கைகளும் என்னிடம்தான் தைக்கிறார்கள். ஆனால் அவர்கள் வருவது ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு. மோட்டாரை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் எட்டிப் பார்த்து, "அக்கா, உள்ளே வேற யாரும் இருக்காங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அளவு கொடுக்கும்போதுகூட வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அந்தக் கைக்குழி வெட்டை இவர்கள் ப்ளவுஸுக்கு நான் இப்போது பயன்படுத்துகிறேன், நன்றாக உட்காருகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மஞ்சள் புடவையில் பால்குடம் எடுக்கிறவர்களில் சிலர் போட்டிருப்பது என் தையல்தான். படியேறும்போது சுற்றி நின்று போனில் படம் பிடிக்கிற கூட்டத்துக்கு அது தெரியாது.

இதைப் படித்தால் பிலிப்பைன்ஸ் சொர்க்கம் என்று நானும்தான் சொல்கிறேன் என்று தோன்றும். இல்லை. அங்கே நாட்டுச் சட்டத்தில் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சில்வேரியோ என்பவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்து, பிறப்புப் பத்திரத்தில் பெயரையும் பாலினத்தையும் மாற்றக் கேட்டார். கீழ்க் கோர்ட் சரி என்றது, 2007இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. 2012இல் வந்த ஒரு சட்டம் எழுத்துப் பிழையாக விழுந்த பாலினத்தைக் கோர்ட்டுக்குப் போகாமல் திருத்திக்கொள்ளலாம் என்கிறது, ஆனால் பால்மாற்று அறுவை செய்யவில்லை என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். யாருக்காகக் கதவை மூடினார்கள் என்று பாருங்கள். அதனால் கிரீடம் வைத்த அழகியாக இருந்தாலும் பாஸ்போர்ட்டில் ஆண் என்றுதான் இருக்கும், ஏர்போர்ட் கவுன்டரில் அவமானப்பட்ட கதை ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது.

பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா ஒன்று 2000இல் இருந்து அங்கே நாடாளுமன்றத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. 2017இல் கீழவையில் 198 ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. செனட்டில் போய் அப்படியே படுத்துவிட்டது. ஜெரால்டின் ரோமன் என்ற திருநங்கை 2016இல் பத்தான் மாகாணத்தில் இருந்து எம்.பி. ஆனார், அது பெரிய விஷயம்தான், ஆனால் அவர் அப்பாவும் அம்மாவும் அதே தொகுதியில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதவளுக்கு என்ன கதி? 2019இல் கிரெட்சன் டியேஸ் என்ற திருநங்கையைக் கேசோன் சிட்டியில் ஒரு மாலில் பெண்கள் கழிவறைக்குள் விடாமல் தடுத்து, கையில் விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். அந்த நகரத்தில் பாகுபாட்டுக்கு எதிரான நகராட்சிச் சட்டம் 2014இல் இருந்தே இருக்கிறது! அதே 2014இல்தான் ஒலொங்காப்போவில் ஜெனிஃபர் லாவ்டே என்ற 26 வயதுப் பெண்ணை ஓர் அமெரிக்க மரீன் படைச் சிப்பாய் கொன்றான். கொலை என்று வழக்குப் போட்டதை அதற்குக் குறைந்த குற்றமாக இறக்கித்தான் தீர்ப்பு வந்தது. 2020 செப்டம்பரில் அதிபர் டுட்டெர்ட்டே முழு மன்னிப்புக் கொடுத்து அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார். ஜெனிஃபர் பெயரைச் சொன்னால் என் கடையில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கிப் போவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து, வீட்டுக்கு ஓடு மாற்றி, மாதாமாதம் கொத்தாராயாவில் பணம் அனுப்பும்வரை செல்லப் பிள்ளை. பணம் நின்றால் பேச்சு மாறிவிடும் என்று அவர்களே சொல்கிறார்கள். நம்மிடம் மட்டும் என்ன வாழுகிறதாம்!

சட்டமும் கிடையாது, வீட்டையும் முழுசாக நம்ப முடியாது, அப்படியும் பட்டப்பகலில் ஐந்தாறு பேராக என் கடைக்குள் எப்படி வருகிறார்கள்? நான் பார்த்தவரை, அவர்களுக்குள் இருக்கிற கட்டுதான் காரணம். நாம் சீட்டுப் போடுவது மாதிரி அவர்கள் பலுவாகான் என்று ஒன்று நடத்துகிறார்கள், ஒருத்திக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அந்த மாத எடுப்பை அவளுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். மூத்தவர் ஒருவர் இருப்பார், புதிதாக வந்தவளுக்கு அறை பிடிப்பது முதல் எந்தக் கடையில் மரியாதையாகப் பேசுவார்கள் என்பது வரை அவர்தான் சொல்லிக் கொடுப்பார். மணிலாவில் ஹுஸ்டோ ஹுஸ்டோ என்பவர், பாசாய் நகராட்சி உறுப்பினராகக்கூட இருந்தவர், ஆதரவில்லாத வயசான ஓரினச் சேர்க்கையாளர்களையும் திருநங்கைகளையும் 1970களில் இருந்து தன் வீட்டிலேயே சேர்த்து வைத்திருந்தார். அவர்களைக் 'கோல்டன் கேஸ்' (Golden Gays) என்பார்கள். 2012இல் அவர் இறந்ததும் அந்த வீடு அவர்களுக்கு இல்லாமல் போனது. தெருவிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் தங்கிக்கொண்டு, எழுபது வயசுக்கு மேலும் மேக்கப் போட்டு மேடையேறி, அந்தக் காசில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நம் மலேசியா விஷயத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முஸ்லிம் திருநங்கைகளுக்கு, பெண் உடை உடுத்தினால் குற்றம் என்கிற ஷரியா சட்டத்தை எதிர்த்துப் போட்ட நெகிரி செம்பிலான் வழக்கில் 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நல்ல தீர்ப்புக் கொடுத்தது, அடுத்த வருடமே கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 2018இல் பினாங்கு ஜார்ஜ்டவுன் விழாவில் திருநங்கைகள் உரிமைக்காகப் பேசும் நிஷா அயூப்பின் படத்தைச் சுவரில் இருந்தே கழற்ற வைத்தார்கள், அமெரிக்காவில் 2016இல் வீரப் பெண்மணி விருது வாங்கி வந்தவர் அவர். நம் ஆட்களுக்கு ஷரியா கிடையாது, ஆனால் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, மாற்றுவது குதிரைக் கொம்புதான். 2005இல் ஒரு திருநங்கைக்கு உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது, 2016இல் பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பி ஒருவருக்கும் கிடைத்தது, 2017இல் அந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆகக் கோர்ட்டை நம்பி உட்கார்ந்திருப்பது இப்போதைக்கு நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

ஆனால் பத்திரிகையில் ஒரு பெயரை ஒழுங்காகப் போடுவதற்குக் கோர்ட் தேவையில்லையே. நம் திருநங்கைகள் உங்கள் பக்கங்களில் எப்போது வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரெய்டு நடந்தால் 'பெண் வேடமிட்ட ஆடவர்கள் கைது'. 2017இல் குவாந்தானில் நம் இனத் திருநங்கை ஒருவரைக் கொடூரமாகக் கொன்றபோது, அப்போதும் பிறந்த பெயரைத் தோண்டி எடுத்துப் போட்டவர்கள் உண்டு. பூக்கட்டி, கேட்டரிங் எடுத்து, கல்யாணத்துக்கு மணப்பெண் அலங்காரம் செய்து நம் சமூகத்துக்குள்ளேயே பிழைக்கிறவர்கள் எத்தனை பேர், ஒரு நாள் அவர்கள் படம் வந்திருக்கிறதா? மணிலாக்காரி கிரீடம் வைத்தால் மட்டும் கலர்.

இதையெல்லாம் எழுத வைத்த காரணத்துக்கு வருகிறேன். என்னிடம் வெகு காலம் தைத்த ஒருவர் போன வருடம் இறந்துபோனார். சர்க்கரை வியாதி, காலில் புண், கடைசியில் கிட்னி. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து பார்த்தது அவர் அம்மா என்று கூப்பிட்ட மூத்த திருநங்கையும் இன்னும் நாலு பேரும்தான். உயிர் போனதும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். இவர்கள் கொண்டுபோன பச்சைப் பட்டுப் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலைமுடியை வெட்டி, வேட்டி சட்டை போட்டுத்தான் எடுத்தார்கள். ஒரு பத்திரிகையில் மரண அறிவிப்பும் வந்தது, மீசை முளைக்கிற வயசில் ஐசிக்கு எடுத்த படத்தோடு, அவரே பல வருடமாக உச்சரிக்காத பெயரில். அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வந்தவர்கள் யாரும் இல்லை. எப்படித் தெரியும்? அவரைத் தெரிந்தவர்கள் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாதே.

நண்பர்கள் பதினாறாம் நாளுக்கு ஒரு நினைவஞ்சலி கொடுக்கப் பணத்தோடு போனார்கள். ரத்த சொந்தம் கையெழுத்துப் போட்டால்தான், ஐசியில் உள்ள பெயரில்தான் போடுவோம் என்று விளம்பரப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். எந்தப் பத்திரிகை என்று நான் சொல்லப்போவதில்லை. உயிரோடு இருப்பவருக்கு விளையாட்டாக மரண அறிவிப்புக் கொடுக்கிற ஆள்களும் இருக்கிறார்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இறந்தது உறுதியான ஒருவருக்கு நினைவு நாள் அஞ்சலி போட அந்தக் கெடுபிடி எதற்கு? தெரிந்தவர்கள் இரண்டு பேர் தங்கள் ஐசி நகலைக் கொடுத்துப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் போதாதா? கோயில் வாடகை மண்டபத்துக்கே அதைத்தானே கேட்கிறார்கள்.

வரும் மாதம் அவருக்கு முதலாண்டு நினைவு நாள். வாசகம் எழுதியாகிவிட்டது, அவர் கூப்பிடச் சொன்ன பெயரில். படமும் இருக்கிறது, நான் தைத்த ரோஸ் கலர் ப்ளவுஸில் பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டில் நின்று எடுத்தது. கலர் வேண்டாம், கறுப்பு வெள்ளையே போதும், கட்டணத்தைச் சீட்டுப் பணத்தில் கட்டிவிடுவார்கள். இரண்டு கையெழுத்தில் ஒன்று என்னுடையது. உங்கள் விளம்பரப் பிரிவில் வாங்கிக்கொள்வார்களா என்று மட்டும் ஒரு வரி பதில் போடுங்கள், பகலில் வந்து கொடுக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
செந்தூல், கோலாலம்பூர்