ஆண்டுதோறும் கண்ணாடி மாறும் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

வட மாகாண சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும், வன்னி மாவட்டங்களின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் ஒளி புகும் படலமான கருவிழி மெலிந்து கூம்பாக முன்தள்ளும் கெரற்றோகோனஸ் நோயைப் பற்றி எழுதுகிறேன். என்னிடம் படித்த ஒரு மாணவிக்கு அந்த நோய் இருப்பது, கருவிழியில் தழும்பு விழுந்த பின்னர்தான் தெரியவந்தது. அதுவரை கண்ணாடி மாறிக்கொண்டே இருந்தது, கருவிழியின் சீரற்ற வளைவை ஈடுசெய்யும் சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போனது. ஏன் ஏறுகிறது என்று கேட்பாரில்லை.

இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது. ஆரோக்கியமான கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புள்ளது. ரைபோஃபிளேவின் என்ற விற்றமின் B2 துளிகளை இட்டுப் புறஊதாக் கதிரைப் பாய்ச்சி, கருவிழியின் கொலாஜன் இழைகளை இறுகச் செய்யும் முறையை ஜேர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2003இல் வெளியிட்டார்கள். போன பார்வையை அது மீட்டுத் தராது; நோய் மேலும் முற்றாமல் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் வழமையான முறைக்குக் கருவிழி 0.4 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். இல்லையேல் உட்புறக் கலங்களைக் கதிர் தாக்கும். ஆக, நமக்குக் கிடைக்கும் அவகாசம் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான். சாதாரணக் கண் அட்டையால் அதை அளக்க முடியாது. கருவிழியின் வளைவையும் தடிப்பையும் வரைபடமாக்கும் கருவி வேண்டும். அது எந்த வைத்தியசாலையில், எந்தக் கிழமை இயங்குகிறது என்பதைப் பாடசாலைகளுக்கு எழுத்தில் அறிவியுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் சிலிண்டர் பவர் ஏறியதாகத் தெரியும் பிள்ளைகளை நேரே அங்கு அனுப்புங்கள். நோயுள்ளவர்களின் உடன்பிறந்தோரையும் சேர்த்து அழையுங்கள்.

கண்ணைக் கசக்குவது இந்த நோயை முற்றச் செய்யும். கிறவல் வீதிப் புழுதியிலும் சூடடிக்கும் களத்துத் தூசியிலும் வளரும் பிள்ளையிடம் கசக்காதே என்று சொன்னால் போதுமா? ஒவ்வாமைக்கான துளிமருந்து பக்கத்து வைத்தியசாலையிலேயே தீராமல் கிடைக்க வேண்டும்.

காலம் கடந்தவர்களுக்குக் கருவிழி மாற்றுச் சத்திரசிகிச்சை இருக்கிறது. நோயாளியின் கருவிழியின் உட்படலம் சேதமடையாதிருந்தால் அதை அப்படியே விட்டு மேற்படைகளை மட்டும் மாற்றலாம். உட்படலம் சொந்தமானது என்பதால் உடல் அதை நிராகரிக்காது. உட்படலமும் கெட்டிருந்தால் முழுத் தடிப்பையும் மாற்ற வேண்டும். கருவிழிக்கு இந்த நாட்டில் பஞ்சம் என்று யாரும் சொல்ல வேண்டாம். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடக்கிய கண்தானச் சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கே கருவிழி அனுப்பிவருகிறது.

சத்திரசிகிச்சையோடு வேலை முடிவதில்லை. மயிரிலும் மெல்லிய தையல்கள் ஒரு வருடத்துக்கு மேலும் கண்ணில் இருக்கலாம். மாதக்கணக்கில் துளிமருந்து இட வேண்டும். கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். சத்திரசிகிச்சை கொழும்பில் நடந்திருந்தால், கூலி வேலைக்குப் போகும் தாய் துணுக்காயிலிருந்து எந்த பஸ்ஸில் ஏறி அன்றே கொழும்பு சேர்வாள்? தையல் பார்ப்பதையும் அவசரப் பரிசோதனையையும் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலேயே செய்ய ஒழுங்கு செய்யுங்கள். சத்திரசிகிச்சை செய்த வைத்தியரோடு அங்குள்ளவர்கள் தொலைபேசியில் பேசவும் வழி இருக்கட்டும். இவற்றில் எதை எப்போது செய்வீர்கள் என்ற பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
துணுக்காய்.