சல்வடோரிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரேசிலில் நான் நலம். போனில், "டிவியில இறகு வச்சுக்கிட்டு ஆடுறாங்களே, உங்க ஊர்லயும் அதுதானா?" என்று கேட்டீர்கள். தெருச் சத்தத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் பார்த்தது இதே நாட்டின் ரியோ நகரத்துக் கார்னிவல். அங்கே பேட்டைக்குப் பேட்டை 'சம்பா பள்ளி' என்று நடனக் குழுக்கள் உண்டு. 1932இலிருந்து போட்டி நடக்கிறது. 1984இல் கட்டிய சம்பாட்ரோம் என்ற அணிவகுப்பு அரங்கில் நடுவர்கள் மதிப்பெண் போட, ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்ப்பார்கள். சல்வடோரில் கார்னிவல் தெருவில்தான். நாமும் கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய இந்தக் கொண்டாட்டம் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரும் மாவும் வாரி இறைப்பார்களாம். அரசாங்கம் திரும்பத் திரும்பத் தடை போட்டது. பணக்காரர்கள் முகமூடி நடனத்துக்குப் போய்விட்டார்கள். இன்று கேட்கும் தாளமெல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தது. அடிமை முறை இங்கே ஒழிந்ததே 1888இல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உங்களுக்கு இது பிடிக்கும். காந்தி சுடப்பட்ட மறு வருஷம், 1949இல், இந்த ஊர்த் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் ஒரு கார்னிவல் குழு தொடங்கினார்கள். பெயர் 'ஃபிலியோஸ் டி காந்தி', அதாவது காந்தியின் பிள்ளைகள். தொழிற்சங்கங்களை அரசு சந்தேகத்தோடு பார்த்த நேரம் அது. அவர்கள் கும்பிடும், ஆப்பிரிக்க வழி வந்த கண்டோம்ப்ளே மதத்துச் சாமிகளுக்குப் பூஜை செய்யவும் போலீசில் பதிய வேண்டும். சல்வடோர் இருக்கும் பஹியா மாநிலத்தில் அந்த விதி 1976 வரை இருந்தது. அமைதிக்குப் பெயர்போனவரின் பெயரில் போனால் யார் தடுப்பார்கள்? கெட்டிக்காரர்கள்!

இன்று அந்தக் குழுவில் ஆயிரக்கணக்கான ஆண்கள். வெள்ளை அங்கி, துண்டில் தைத்த வெள்ளைத் தலைப்பாகை, கழுத்தில் நீலமும் வெள்ளையும் கலந்த மணி மாலைகள். நம் காந்தி எந்தக் காலத்தில் இப்படித் தலைப்பாகையும் மணியும் போட்டார் என்று கேட்காதீர்கள். வெள்ளை, ஒஷாலா என்ற சாமிக்கு உகந்த நிறம். பெலூரினோ என்ற பழைய பேட்டையின் கல் பாவிய தெருவில் முதலில் எஷு என்ற சாமிக்குப் படையல் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். 'இஜெஷா' என்ற நிதானமான தாளம், லாவெண்டர் வாசனை. அந்த வெள்ளைக் கூட்டம் வளைவில் திரும்பி வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பெண்களை மட்டும் சேர்ப்பதில்லை. அவர்கள் 1979இல் தனிக் குழு தொடங்கிக்கொண்டார்கள்.

எல்லாம் இப்படி அழகில்லை. 1950இல் டோடோ, ஓஸ்மார் என்ற இருவர் பழைய ஃபோர்டு காரில் ஒலிபெருக்கி கட்டி வாசித்துக்கொண்டே தெருவில் போனார்கள். அது இன்று வீடு உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கிய லாரியாக வளர்ந்திருக்கிறது. லாரியைச் சுற்றிக் கயிறு. காசு கொடுத்துச் சட்டை வாங்கியவர்கள் உள்ளே ஆடலாம், மற்றவர்கள் வெளியே. வெளிக்கூட்டத்துக்கு இங்கே 'சோளப்பொரி' என்று பெயர். கயிற்றைப் பிடித்து நடப்பவர்கள் அன்றாடக் கூலிகள், பெரும்பாலும் கறுப்பர்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்பர்களைச் சேர்க்காத குழுக்கள் இருந்ததால்தான் 1974இல் லிபர்டாடே பேட்டையில் 'இலே ஐயே' என்று அவர்களே ஒன்றைத் தொடங்கினார்கள். ராணுவ ஆட்சிக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பத்திரிகையில் அவர்களையே இனவெறிக் குழு என்று எழுதினார்களாம்.

நான் கயிற்றுக்கு வெளியேதான் நின்றேன். பர்ஸ் பத்திரமாக இருக்கிறது, அம்மாவிடம் சொல்லுங்கள்.

சாம்பல் புதன் மதியத்திலிருந்து கடைகள் திறந்துவிட்டன. நாளை வேலைக்குப் போகிறேன். பணம் வெள்ளிக்கிழமை அனுப்புவேன். கண் ஆஸ்பத்திரியை இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்