முள் 15-இல் நின்றால் போதாது

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கு நீ அனுப்பிய மிக்சர் தீர்ந்து, அந்த டப்பாவில் இப்போது துவரம்பருப்பு இருக்கிறது. பதில் மட்டும் இன்றுதான் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். ஒட்டடைக்குச்சிக்கு இரண்டாவதும் பெண், தெரியும்தானே?

இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் தூக்கம் வராது. மலையில் இருக்கும் பல் டாக்டர்களுக்காகக் காலையில் ஜூமில் ஒரு கேள்வி-பதில் நடத்தினேன். கிளினிக் கருவிகளைப் பற்றி மட்டும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்று முப்பது பேர் போல வந்தார்கள். ஸ்லைடு கிடையாது, கேளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மழையில் நெட் படுத்துவிடும் என்று பயந்து கேள்விகளை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று. பத்தரைக்குக் கரண்டும் போனது. யுபிஎஸ் காப்பாற்றியது.

முதல் ஒரு மணி நேரம் வழக்கமானதுதான். பல்லை டிஜிட்டலில் எக்ஸ்ரே எடுக்கும் ஆர்விஜி சென்சாரின் வயர் ஒடிகிறது, ஸ்கேனர் இப்போது வாங்கலாமா, எக்ஸ்ரே மெஷினை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பியில் எப்படிப் பதிவு செய்வது. அப்புறம் ஊட்டியிலிருந்து ஒரு பெண் கேட்டாள். படித்து முடித்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. "சார், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் அழுத்த முள் 15 பவுண்டில் நிற்கிறது. 15 நிமிடம் வைக்கிறேன். மேலே ஒட்டிய டேப் கறுக்கிறது. ஆனால் சூடும் நேரமும் போதுமா என்று காட்டப் பைக்குள் வைத்த ஸ்ட்ரிப் தேறவில்லை. மெஷின் கோளாறா?"

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, மாப்ளே. கோளாறு உயரத்தில். முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் என்பதைத்தான். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, ஊட்டியில் அது 11 சொச்சம். இரண்டையும் கூட்டிப் பார், அந்த மொத்தம்தான் நீராவியின் சூட்டை முடிவு செய்கிறது. அதே 15-இல் கீழே நீராவி 121 டிகிரியைத் தொடும், ஊட்டியில் 117 பக்கம் நின்றுவிடும். நாலு டிகிரிதானே என்று விட முடியாது. சூட்டுக்கு எளிதில் மசியாத கிருமி வித்தான ஸ்போர் சாக எடுக்கும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். டேப் கறுத்தது சூடு பட்டது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. மலைத் தண்ணீருக்குச் சூடு பத்தாது, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, கிளினிக்கில் இருப்பதும் ஒரு குக்கர்தான் என்று உறைக்கவே பல வருடம் ஆயிற்று.

ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு கூட்ட வேண்டும். ஊட்டிக்கு மூன்றரை, எனக்கு மூன்று. இதை எனக்கு விற்றவரும் சொல்லவில்லை, கூட வந்த புத்தகத்திலும் இல்லை. வெப்பத்தைத் தானே அளக்கும் மெஷின் வாங்கும் வரை, முதல் ஆறு வருடம் நான் 15-ஐ நம்பித்தான் கொதிக்க வைத்தேன். அந்த ஆறு வருடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் முகங்கள் இன்று மதியம் முழுக்க வந்து போயின. சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண் ஸ்ட்ரிப்பை நம்பினாள், முள்ளை நம்பவில்லை. எனக்கு அந்தப் புத்தி இருந்திருக்க வேண்டும்.

இப்போது உன் விஷயம். வத்தலக்குண்டில் உன் ஆட்டோகிளேவ் சரியாகவே வேலை செய்யும். ஆனால் முகாமுக்கு அதே மெஷினைக் கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறாயே, அங்கே ஏழாயிரம் அடி. வெயிட்டையும் சேஃப்டி வால்வையும் நீயாகத் தொட்டுவிடாதே, அளவு மீறிய நம் அஞ்சாவது பரோட்டா கதை ஆகிவிடும். அழுத்தத்தைக் கூட்ட முடியுமா என்று கம்பெனி ஆளைக் கேள். முடியாது என்றால் நேரத்தைக் கூட்டு, எவ்வளவு என்பதை ஸ்போர் டெஸ்ட் வைத்து முடிவு செய். அதுவரை கருவிகளைக் கீழேயே கொதிக்க வைத்து, பையைப் பிரிக்காமல் மேலே கொண்டு போ. செட் பத்தாது என்றால் என்னிடம் இருப்பதை அனுப்புகிறேன்.

முகாம் இரண்டாம் சனிக்கிழமைதானே? நாளைக்கே கூரியரில் இருபது ஸ்ட்ரிப் போடுகிறேன். கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. ராத்திரி எந்நேரமானாலும் அனுப்பு, விழித்திருப்பேன்.

உன்
மாப்ளே